படத்தைத் தேடுபவர்களின் மாநாடு: டாபிகல் ஸ்டாம்ப் ஷோ ஏன் தனியாக நடப்பதில்லை?

அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒருமுறை 'நேஷனல் டாபிகல் ஸ்டாம்ப் ஷோ' என்ற மாநாடும் கண்காட்சியும் நடந்துவந்தது. அமெரிக்கன் டாபிகல் அசோசியேஷன் (சுருக்கமாக ஏ.டி.ஏ.) என்ற சங்கம் நடத்திய நிகழ்ச்சி. இப்போது அந்தப் பெயரில் தனி விழாவைத் தேடினால் கிடைக்காது. 'கிரேட் அமெரிக்கன் ஸ்டாம்ப் ஷோ' என்ற பெரிய விழாவுக்குள் அது போய்விட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் சில சங்கங்கள் சேர்ந்து ஒரே மண்டபத்தை வாடகைக்குப் பிடித்த விஷயம் இது, அவ்வளவுதான். ஆனால் ஸ்டாம்ப் சேர்க்காதவர்களுக்கு மட்டுமல்ல, சேர்ப்பவர்களில் பலருக்குமே இதன் அடிப்படை குழப்பமாக இருக்கிறது. டாபிகல் என்றால் என்ன? மற்ற சேகரிப்பிலிருந்து அது எங்கே பிரிகிறது? பூனை ஸ்டாம்ப் சேர்ப்பவருக்கு மாநாடு எதற்கு? அடியிலிருந்து பார்ப்போம்.

நாடு வாரியாக, படம் வாரியாக

உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக் 1840 மே 6 அன்று பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்தது. அதில் விக்டோரியா ராணியின் தலை மட்டும்தான். நாட்டின் பெயர்கூடக் கிடையாது. அடுத்துப் பல ஆண்டுகள் பெரும்பாலான நாடுகளில் இதே கதைதான்: ராஜா தலை, ராணி தலை, அரசுச் சின்னம், இல்லாவிட்டால் வெறும் எண். இப்படிப்பட்ட தபால்தலைகளைச் சேர்ப்பவர் அவற்றை நாடு வாரியாகப் பிரிக்காமல் வேறு எப்படிப் பிரிப்பார்? பிரிட்டனின் ஸ்டான்லி கிப்பன்ஸ், அமெரிக்காவின் ஸ்காட் ஆகிய பெரிய கேட்லாக்குகள் 1860களில் விலைப்பட்டியலாகத் தொடங்கின. இன்றுவரை அவை நாட்டின் பெயரில், வெளியான வரிசையில்தான் ஓடுகின்றன. ஆல்பங்களும் அப்படியே.

படம் மெதுவாகத்தான் உள்ளே வந்தது. 1851-இல் கனடா தன் மூன்று பென்ஸ் தலையில் ஒரு பீவரை வைத்தது. அதை வரைந்தவர் ரயில்வே பொறியாளர் சாண்ட்ஃபோர்ட் ஃப்ளெமிங். 1869-இல் அமெரிக்கா குதிரையேறிய தபால்காரர், ரயில் எஞ்சின், கப்பல் என்று ஒரு வரிசையை வெளியிட்டது. தலைவர்கள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் எஞ்சினா என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அதிக நாள் ஓடாமலே அந்த வரிசை நின்றுபோனது. 1893-இல் கொலம்பஸ் பயணத்தின் 400ஆம் ஆண்டையொட்டி அதே அமெரிக்கா 16 படத் தலைகளை வெளியிட்டபோது நிலைமை மாறிவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் பறவை, பூ, பாலம், விமானம் எல்லாம் தபால்தலைக்குள் குடியேறின.

இப்போது ஒருவர் "எனக்கு எந்த நாடு என்பது முக்கியமில்லை, யானை இருந்தால் போதும்" என்று சொல்ல முடிகிறது. இதுதான் டாபிகல் சேகரிப்பு. நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் "உன்கிட்ட பட்டாம்பூச்சி இருக்கா, என்கிட்ட ரெண்டு கார் இருக்கு" என்று மாற்றிக்கொள்ளும் பிள்ளைகள் பெயர் தெரியாமல் செய்வதும் அதையேதான். பழைய மரபில் வந்த சேகரிப்பாளர்கள் இதை நெடுநாள் சிறுபிள்ளை வேலையாகத்தான் பார்த்தார்கள். காகிதம், மை, துளை, அச்சுத்தகடு ஆகியவற்றை ஆராய்வதுதான் படிப்பு, படம் பார்ப்பது வேடிக்கை என்பது அவர்கள் வாதம். அந்த ஏளனத்துக்குக் கொஞ்சம் நியாயமும் இருந்தது; அதற்குப் பின்னால் வருவோம்.

சங்கம் எதற்காகத் தேவைப்பட்டது

ஏ.டி.ஏ. 1949-இல் தொடங்கியது. நிறுவியவர் ஜெரோம் ஹுசாக். ஆர்வலர்கள் கூடிப் பேச ஓர் இடம் என்பதைவிடப் பெரிய காரணம் அதற்கு இருந்தது. நாடு வாரியாகச் சேர்ப்பவருக்கு ஏற்கெனவே இருந்த மூன்று வசதிகள் படம் வாரியாகச் சேர்ப்பவருக்கு இல்லை.

1. பட்டியல் இல்லை. இந்தியத் தலை சேர்ப்பவர் கேட்லாக்கில் இந்தியாவின் பக்கங்களைத் திறந்தால் தன்னிடம் எது இருக்கிறது, எது இல்லை என்று டிக் அடித்துக்கொள்ளலாம். யானை சேர்ப்பவருக்கோ உலகின் எல்லா நாட்டுப் பக்கங்களையும் புரட்டவேண்டிய கதி. அப்படிப் புரட்டினாலும், ஒரு கோயில் தலையின் ஓரத்தில் சிறிதாக நிற்கும் யானையைக் கேட்லாக் சொல்லாது.

2. வியாபாரி இல்லை. ஸ்டாம்ப் வியாபாரிகளின் பெட்டிகளும் நாடு வாரியாகத்தான் அடுக்கப்பட்டிருந்தன. "யானை இருக்கா?" என்று கேட்டால் தேடித் தருவதற்கு அவர்களுக்கு நேரமில்லை.

3. மதிப்பிடும் அளவுகோல் இல்லை. முழு வரிசையைச் சேர்த்துவிட்டேன் என்று நாடு வாரிக்காரர் சொல்லலாம். யானைக்கு முழு என்பது எது?

முதல் குறையை ஏ.டி.ஏ. தன் செக்லிஸ்ட்டுகளால் அடைத்தது. ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் தலைகளை நாடு, வெளியான தேதி, கேட்லாக் எண் ஆகியவற்றோடு உறுப்பினர்களே தொகுப்பார்கள். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளுக்கு இப்படிப் பட்டியல்கள் உண்டு. அப்புறம் 'ஸ்டடி யூனிட்' என்ற உட்குழுக்கள்: பூனைக்கு ஒன்று, சதுரங்கத்துக்கு ஒன்று, ரயிலுக்கு 'கேஸி ஜோன்ஸ்' என்ற புகழ்பெற்ற எஞ்சின் டிரைவர் பெயரில் ஒன்று. 'டாபிகல் டைம்' என்ற பத்திரிகையும் வருகிறது.

இரண்டாவது, மூன்றாவது குறைகளைத் தபாலில் தீர்க்க முடியாது. வியாபாரிகள் பெட்டிகளோடு ஓரிடத்துக்கு வரவேண்டும். நடுவர்கள் ஓரிடத்தில் நின்று, சேகரிப்பாளர் அடுக்கிய பக்கங்களைப் படிக்கவேண்டும். மாநாடு என்பதே இதற்கான ஏற்பாடு. படம் வாரிச் சேகரிப்பாளர் பெரும்பாலும் தன் ஊரில் ஒற்றை ஆள். தஞ்சாவூர்க்காரருக்கும் இது பொருந்தும், டெக்சாஸ்காரருக்கும் பொருந்தும். இந்தியத் தலை சேர்ப்பவர் பத்துப் பேர் ஓர் ஊரில் கிடைப்பார்கள். கலங்கரை விளக்கம் சேர்ப்பவர் இரண்டாவது ஆளைப் பார்க்கவே ரயிலேறவேண்டும்.

டாபிகல் வேறு, தீமாட்டிக் வேறு

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள். இரண்டு சொற்களையும் ஒன்றாகவே புழங்குவது வழக்கம், ஆனால் கண்காட்சி அரங்கில் இரண்டும் ஒன்றல்ல.

டாபிகல்: படத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் விதி. யானை இருக்கிறதா, சேர்த்துக்கொள்.

தீமாட்டிக்: ஒரு கதையை அல்லது வாதத்தை முன்வைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் தபால் உலகத்திலிருந்தே சான்று காட்டுவது. படம் இருக்கவேண்டும் என்பது கட்டாயமில்லை.

யானையையே வைத்து இதைத் தெளிவாக்கலாம். 1895-இல் மலாய் நாட்டின் பேராக் தன் டாலர் மதிப்புத் தலைகளில் யானைகளை அச்சிட்டது. 1958-இல் லாவோஸ் அழகான யானை வரிசை ஒன்றை வெளியிட்டது. இரண்டும் டாபிகல் பட்டியலில் கேட்காமலே ஏறிவிடும்.

இப்போது 1865-இல் பிரிட்டிஷ் இந்தியா வெளியிட்ட தலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் விக்டோரியா ராணி மட்டும்தான். யானை எங்கே? தபால்தலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் காகிதத்துக்குள்ளேயே யானைத் தலை நிழலாகத் தெரியும். அந்த அச்சுக் காகிதத்தின் வாட்டர்மார்க்கே யானைத் தலைதான். படத்தை மட்டும் பார்க்கிறவர் இதைத் தாண்டிப் போய்விடுவார். தீமாட்டிக்காரருக்கு இது பொக்கிஷம், ஏனென்றால் ஓர் அரசு தன் காகிதத்தைப் போலியிலிருந்து காக்க யானையை அடையாளமாக வைத்தது என்ற செய்தி இதில் இருக்கிறது. முகப்பில் இல்லாத யானைதான் பக்கத்துக்குக் கனம் சேர்க்கிறது.

இதே வகையில் இன்னும் இரண்டு. லாட்வியா 1918 டிசம்பரில் தன் முதல் தபால்தலையை அச்சிட்டபோது காகிதத் தட்டுப்பாடு. ஜெர்மன் ராணுவம் விட்டுப்போன வரைபடங்களின் பின்பக்கத்தில் அச்சடித்தார்கள். முன்பக்கத்தில் சூரியனும் கதிரும். பின்பக்கத்தில் ஏதோ ஓர் ஊரின் சாலையும் ஆறும். வரைபடம் சேர்ப்பவர்கள் எல்லோரும் இதற்காக அலைவார்கள். இரண்டாவது, 1956-இல் கிழக்கு ஜெர்மனி இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனுக்கு வெளியிட்ட தலை. அவர் முகத்துக்குப் பின்னால் ஸ்வரக் குறிப்பு அச்சாகியிருந்தது. ஆனால் அது ஷூமன் எழுதியதல்ல, ஷூபர்ட் எழுதியது! அதே ஆண்டில் சரியான குறிப்போடு மறுபடி வெளியிட்டார்கள். இந்தத் தவற்றைக் காண அச்சுக்கலை தெரிந்தால் போதாது, ஸ்வரக் குறிப்பைப் படிக்கத் தெரியவேண்டும். தீமாட்டிக்குக்குப் பொருளறிவும் வேண்டும், தபாலறிவும் வேண்டும் என்பது இதனால்தான்.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. 1888-இல் வந்த திருவிதாங்கூர் அஞ்சல்தலைகளில் சங்கு இருக்கும். அது சமஸ்தானத்தின் சின்னம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுதிய கடிதங்களில் அன்று ஒட்டியதும் இந்தச் சங்குதான். உலகமெங்கும் கிளிஞ்சல் சேர்ப்பவர்களின் பட்டியலில் அதற்கு ஓர் இடம் உண்டு. ஆனால் கிளிஞ்சல்காரர் அதை 'கடல்வாழ் உயிரினம்' என்ற அத்தியாயத்தில் வைப்பாரா, 'அரசுச் சின்னம்' என்ற அத்தியாயத்தில் வைப்பாரா? அந்தத் தேர்வைத்தான் நடுவர் பார்க்கிறார்.

நடுவர் எதற்கு மதிப்பெண் போடுகிறார்

கண்காட்சியில் ஒரு பிரேம் என்பது பொதுவாக 16 பக்கங்கள் கொள்ளும் கண்ணாடிச் சட்டம். சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.ஐ.பி. விதிப்படி புதியவர் 5 பிரேம், அதாவது 80 பக்கம் வைப்பார். முன்பு 85 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வாங்கியவருக்கு 8 பிரேம், 128 பக்கம். தீமாட்டிக் பிரிவுக்கு அந்தக் கூட்டமைப்பு வகுத்த 100 மதிப்பெண் இப்படிப் பிரிகிறது:

1. கையாண்ட விதம், 35. இதில் தலைப்புக்கும் திட்டத்துக்கும் 15, அதை வளர்த்தெடுத்ததற்கு 15, புதுமைக்கு 5.
2. அறிவும் ஆராய்ச்சியும், 30. பொருளறிவுக்கு 15, தபாலறிவுக்கு 15.
3. நிலையும் அரிதும், 30. தலைகளின் நிலைக்கு 10, அரிய தன்மைக்கு 20.
4. பார்வைக்கு வைத்த அழகு, 5.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். பக்கத்தை அலங்கரிப்பதற்கு வெறும் ஐந்துதான். முதல்முறை பங்கெடுப்பவர்கள் வண்ணக் காகிதத்துக்கும் எழுத்துருவுக்கும் செலவழிக்கும் நேரத்தைத் திட்டத்துக்குக் கொடுத்தால் பதக்கம் ஒரு படி ஏறும்.

திட்டம் என்றால் என்ன? 'யானைகள்' என்று தலைப்பு வைத்தால் அது பட்டியல். எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று யாருக்கும் தெரியாது. 'பாரம் தூக்கியது முதல் பட்டத்து யானை வரை: மனிதன் யானையிடம் வாங்கிய வேலை' என்று வைத்தால் அத்தியாயங்கள் தாமாகவே விழும். காட்டில் பிடித்தது, பழக்கியது, போரில் நிறுத்தியது, மரம் இழுக்கவைத்தது, தந்தத்துக்காகக் கொன்றது, கடைசியில் காப்பாற்றச் சட்டம் போட்டது. இந்தத் தலைப்புக்கு ஆப்பிரிக்கச் சவானாவில் சும்மா நிற்கும் யானை ஸ்டாம்ப் எவ்வளவு அழகாக இருந்தாலும் இடமில்லை. சேர்த்ததை விடத் துணிகிறவர்தான் நல்ல தீமாட்டிக்காரர். சேகரிக்கும் குணத்துக்கு நேர் எதிரான குணம் இது, ஆகவே பலருக்கு இது கைகூடுவதே இல்லை.

சான்று என்பதும் ஸ்டாம்போடு நிற்பதில்லை. தபால் முத்திரை, நிறுவனங்களின் மீட்டர் முத்திரை, அச்சிட்ட உறைகளும் அஞ்சலட்டைகளும், வெளியீட்டுக்கு முந்தைய மாதிரி அச்சு, துளையிடாத பிழைத் தலை எல்லாம் வரலாம். சாதாரணப் படஅட்டை, தனியார் தங்கள் இஷ்டத்துக்கு உறையில் அச்சிட்ட படம் ஆகியவற்றைச் சான்றாக ஏற்கமாட்டார்கள். தபால் துறையின் கை பட்டிருக்கவேண்டும் என்பது விதியின் சுருக்கம்.

95 வாங்கினால் லார்ஜ் கோல்டு, 90-க்கு கோல்டு, 85-க்கு லார்ஜ் வெர்மீல் என்று படி இறங்கி 60-க்கு வெண்கலம் வரை போகும். வெர்மீல் என்பது தங்கமுலாம் பூசிய வெள்ளி. இது சர்வதேசக் கணக்கு. அமெரிக்கத் தேசிய அளவுக் கண்காட்சிகள் தங்கள் சொந்தக் கையேட்டைப் பின்பற்றுகின்றன. எண்கள் மாறினாலும் திட்டம், அறிவு, அரிது, நிலை என்ற சாரம் மாறுவதில்லை.

அரங்குக்குள் என்ன நடக்கும்

நம் நாட்டில் தபால்தலைக் கண்காட்சி என்றால் பெரும்பாலும் அஞ்சல் துறை நடத்துவது. மாவட்டம், மாநிலம், தேசிய அளவில் இன்பெக்ஸ் என்று படிகள். அமெரிக்காவில் வீட்டுக்காரர் சேகரிப்பாளர் சங்கம். அஞ்சல் துறை விருந்தாளி. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பல விஷயங்கள் புரிந்துவிடும். மண்டப வாடகை, பிரேம்களை ஏற்றி இறக்கும் கூலி, காவல் எல்லாம் சங்கத்தின் தலையில். வருமானம் வியாபாரிகள் மேசைக்குத் தரும் வாடகை, பிரேம் கட்டணம், நன்கொடை. தொண்டர்கள் இல்லாவிட்டால் கதவே திறக்காது.

மூன்று நான்கு நாட்களில் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு பக்கம் வியாபாரிகளின் சந்தை. ஒரு பக்கம் பிரேம் வரிசைகள். பக்கத்து அறைகளில் ஸ்டடி யூனிட்டுகளின் கூட்டங்களும் உரைகளும். சங்கத்தின் பொதுக்குழு, விருது விருந்து. தீர்ப்புக்குப் பிறகு நடுவர்களும் பங்கெடுத்தவர்களும் உட்கார்ந்து "எனக்கு ஏன் ரெண்டு மார்க் குறைஞ்சது?" என்று பேசிக்கொள்ளும் நேரமும் உண்டு. வெளியாள் கண்ணுக்குச் சந்தைதான் பெரிதாகத் தெரியும். கற்றுக்கொள்ள வருகிறவருக்கு இந்த நேரம்தான் மாநாட்டிலேயே அதிக லாபம்.

அஞ்சல் துறை விருந்தாளியாக வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. புதுத் தலைகளின் முதல் நாள் வெளியீட்டை இங்கே வைத்துக்கொள்ளும். 2019 ஆகஸ்ட் 1 அன்று ஒமாஹாவில் ராணுவ நாய்களுக்கான தலைகள், 2022-இல் சாக்ரமென்டோவில் 'போனி' என்ற பழைய சிறிய ஸ்போர்ட்ஸ் கார்கள், 2023-இல் கிளீவ்லாண்டில் நுண்ணோக்கியில் கண்ட உயிர் உருவங்கள். மூன்றுமே டாபிகல்காரர்கள் கைநீட்டும் தலைப்புகள். யாருக்காக அச்சிடுகிறோம் என்பது அஞ்சல் துறைக்கும் தெரியும்.

படத்துக்காகவே அச்சிட்டால்

முன்பு தள்ளிவைத்த விஷயத்துக்கு வருவோம். மரபுக்காரர்கள் டாபிகல்காரர்களை ஏளனம் செய்ததற்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு.

தபால்தலை என்பது முன்கூட்டியே வாங்கிய சேவை. ஒட்டினால் அஞ்சல் துறை கடிதத்தைச் சுமக்கவேண்டும், செலவு உண்டு. ஆல்பத்துக்குள் போய்விட்டால் சுமக்கவேண்டியதில்லை; அச்சுச் செலவு போக மீதி எல்லாம் லாபம். கடிதமே அதிகம் எழுதாத ஒரு சிறு நாடு உலகத்தின் பூனைப் பிரியர்கள் அத்தனை பேருக்கும் பூனைத் தலை விற்கலாம். அந்த நாட்டில் அந்தப் பூனையும் இருக்காது, அந்தத் தலையும் ஒரு கடிதத்திலும் இருக்காது.

இது புதிய தந்திரமல்ல. 1890-ஐ ஒட்டி நிக்கோலஸ் சீபெக் என்ற அச்சு வியாபாரி நிகரகுவா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், ஈக்வடார் நாடுகளோடு ஒப்பந்தம் போட்டார். தலைகளை இலவசமாக அச்சிட்டுத் தருகிறேன், ஆண்டுதோறும் வடிவத்தை மாற்றுங்கள், மீந்ததையும் மறுஅச்சையும் சேகரிப்பாளர்களுக்கு நான் விற்றுக்கொள்கிறேன் என்பது ஏற்பாடு. இதற்கு எதிராக 1895-இல் லண்டனில், சேகரிப்பாளர் பணத்துக்காகவே அச்சிடும் 'ஊகத் தலைகளை' ஒடுக்கும் சங்கம் என்றே ஒன்று எழுந்தது.

டாபிகல் அலை பெருகிய பிறகு இது உச்சத்துக்குப் போனது 1960களில். அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் குவைன் போன்ற வளைகுடா ஷேக்கு நாடுகளின் பெயரில் விண்வெளி, ஒலிம்பிக்ஸ், ஓவியம், விலங்கு என்று தலைகள் கொட்டின. கோந்து அப்படியே இருக்கும், மூலையில் அழகாக முத்திரையும் விழுந்திருக்கும். அச்சகத்திலேயே போட்ட முத்திரை! எழுபது, எண்பதுகளில் இங்கே பாக்கெட் ஸ்டாம்ப் வாங்கியவர்களுக்கு அந்த அஜ்மான் ராக்கெட்டுகள் நினைவிருக்கும். மணல்மேட்டு நாடுகள் என்று சேகரிப்பாளர்கள் கிண்டலாக இவற்றை அழைத்தார்கள். ஸ்டான்லி கிப்பன்ஸ் இவற்றில் பலவற்றைக் கேட்லாக்கின் பின்னிணைப்புக்குத் தள்ளியது. 1971 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் உருவானதும் இந்தக் கடை கொஞ்ச நாளில் மூடப்பட்டது.

இந்த வியாபாரத்தில் பெரிய பெயர் அமெரிக்கரான ஃபின்பார் கென்னி. ஸ்டாம்ப் பணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவர் கதையே போதும். பசிபிக்கின் குக் தீவுகளில் 1978-இல் தேர்தல். நியூசிலாந்தில் வாழ்ந்த குக் தீவுக்காரர்களை வாக்களிக்க விமானத்தில் அழைத்துவந்தார் பிரதமர் ஆல்பர்ட் ஹென்றி. செலவுக்குப் பணம், வருங்கால ஸ்டாம்ப் விற்பனையின் மேல் கென்னியின் நிறுவனம் கொடுத்த முன்பணம். நீதிமன்றம் அந்த வெற்றியைக் கவிழ்த்தது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் தருவதைத் தடுக்க அமெரிக்கா 1977-இல் கொண்டுவந்த சட்டத்தின்கீழ் முதலில் குற்றவியல் வழக்கில் சிக்கியது, 1979-இல், ஓர் எண்ணெய்க் கம்பெனியோ ஆயுதக் கம்பெனியோ அல்ல. கென்னியின் ஸ்டாம்ப் நிறுவனம்.

அப்படியும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக்கூடாது. பூட்டானும் சேகரிப்பாளர்களை நம்பித்தான் அச்சிட்டது. அதன் ஆலோசகர் அமெரிக்கரான பர்ட் டாட். 1972-இல் கிராமபோனில் வைத்தால் தேசிய கீதம் பாடும் தபால்தலையை வெளியிட்டார்கள். கேட்லாக்குகள் அதை ஒதுக்கவில்லை. இன்று விலையும் நன்றாகவே ஏறியிருக்கிறது. நாடும் தன் கதையைத்தான் சொன்னது. அஜ்மான் யாரோ ஒருவரின் கதையை விற்றது. என் பார்வையில் வித்தியாசம் அங்கேதான்.

இன்னொரு வகை, நாட்டின் சம்மதமே இல்லாமல் யாரோ அச்சிடும் போலிகள். சோவியத் உடைந்த பிறகு இவை பெருகின. ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த, அன்று எந்த நாடும் அங்கீகரிக்காத அப்காசியாவின் பெயரில் 1994-இல் வந்த ஒரு ஜோடி உலகப் புகழ் பெற்றது. மார்க்ஸும் லெனினும் இருக்கவேண்டிய இடத்தில் நகைச்சுவை நடிகர் க்ரௌச்சோ மார்க்ஸும் பாடகர் ஜான் லெனனும்! சிரிப்புக்கு நல்லது, கண்காட்சிப் பிரேமுக்கு ஆகாது. இப்படிப்பட்டவற்றைப் பிரித்தறிய உலகத் தபால் ஒன்றியம் 2002 ஜனவரி 1 முதல் டபிள்யூ.என்.எஸ். என்ற எண் முறையைக் கொண்டுவந்தது. பங்கேற்கும் நாடுகள் தாங்கள் உண்மையில் வெளியிட்ட தலைகளை அதில் பதிவு செய்கின்றன.

ஆக டாபிகல் மாநாட்டுக்கு இன்னொரு வேலையும் சேர்கிறது. எதை வாங்கவேண்டும் என்பதைப் போலவே எதை வாங்கக்கூடாது என்பதையும் புதியவர் அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். செக்லிஸ்ட் தொகுப்பவர்கள் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று சண்டை பிடிப்பதும் இதனால்தான்.

அப்படியானால் ஏன் தனி விழாவை விட்டார்கள்?

நடந்த வரிசை இது. அமெரிக்கன் ஃபிலாடெலிக் சொசைட்டி (ஏ.பி.எஸ்.) 1886-இல் தொடங்கிய பழைய பொதுச் சங்கம். அதற்கென்று கோடைக்கால ஷோ ஒன்று உண்டு. 2019-இல் ஒமாஹாவில் அந்த ஷோவும் டாபிகல் ஷோவும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. 2020 முதல், முதல்நாள் உறை (தலை வெளியான நாளின் முத்திரை விழுந்த உறை) சேர்ப்பவர்களின் சங்கமான ஏ.எஃப்.டி.சி.எஸ்.-உம் சேர்ந்து மூவரும் 'கிரேட் அமெரிக்கன் ஸ்டாம்ப் ஷோ' என்ற ஒரே பெயரில் நடத்துவதாக ஏற்பாடு. முதல் விழா ஹார்ட்ஃபோர்டில். கொரோனா வந்து அதை ரத்துசெய்தது, இணையத்தில் ஒப்பேற்றினார்கள். அரங்கில் முதல் விழா 2021 ஆகஸ்டில் சிகாகோ அருகே ரோஸ்மான்டில். பிறகு சாக்ரமென்டோ, கிளீவ்லாண்ட். 2024-இல் விட்ட இடமான ஹார்ட்ஃபோர்ட். 2025-இல் மறுபடி சிகாகோ பக்கம், ஷாம்பர்க்.

காரணங்களை ஊகிப்பது கடினமல்ல.

1. வியாபாரிக்குப் பயணமும் மேசை வாடகையும் அதே செலவுதான். மூன்று ஷோவுக்குப் போய் மூன்று சிறு கூட்டத்தைப் பார்ப்பதைவிட ஒரு ஷோவில் பெரிய கூட்டத்தைப் பார்ப்பது அவருக்கு லாபம். வியாபாரி வராவிட்டால் ஷோவுக்கு வருமானமே இல்லை.

2. ஒற்றைத் தலைகளை இப்போது யாரும் அரங்குக்கு வந்து தேடுவதில்லை, இணைய ஏலத்தில் படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். 1949-இன் இரண்டாவது குறையைக் கூகுளும் ஏலத் தளங்களும் பாதி தீர்த்துவிட்டன.

3. சங்கங்களின் உறுப்பினர்களில் பெரும்பகுதி ஓய்வுபெற்றவர்கள். பிரேம் தூக்கவும் வாசலில் நிற்கவும் ஒரே தொண்டர்கள்தான் மாறிமாறி வருகிறார்கள்.

4. தேசிய அளவுக் கண்காட்சிகளில் தலைமைப் பரிசு வென்றவர்கள் மோதும் 'சாம்பியன் ஆஃப் சாம்பியன்ஸ்' போட்டி ஏ.பி.எஸ்.-இன் கோடை ஷோவில்தான். நல்ல தீமாட்டிக் பிரேம்கள் எப்படியும் அங்கே போய்ச் சேரும்.

லாபம் யாருக்கு என்றால் வியாபாரிகளுக்கும் முதல்முறை வருகிறவர்களுக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை; ஒரே நடையில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நஷ்டம் கொஞ்சம் நுட்பமானது. தனி ஷோவில் பிரேம்கள் பெரும்பாலும் தீமாட்டிக்காகவோ டாபிகலாகவோ இருந்தன, நடுவர்களும் அந்தக் கண்ணோடு வந்தார்கள். கூட்டு ஷோவில் 1847-இன் அரிய அமெரிக்கத் தலைகளுக்குப் பக்கத்திலே சதுரங்கப் பிரேம் நிற்கிறது. அரிதுக்கு 20 மதிப்பெண் இருக்கும் உலகத்தில், அண்மைக்காலத் தலைகளால் கட்டிய சதுரங்கக் கதைக்கு அது சமமான போட்டியல்ல. ஏ.டி.ஏ. தன் கூட்டத்தையும் விருதுகளையும் உள்ளேயே தனியாக வைத்துக்கொண்டிருப்பது இந்த இழப்பைக் குறைக்கத்தான்.

மறுபுறம், இரண்டு தரப்பும் ஒருவர் பிரேமை ஒருவர் வழிமறித்துப் படிக்க நேர்கிறது. 1865-இன் இந்தியத் தலைகளை அச்சுத்தகடு வாரியாக ஆராய்ந்தவரும், அதே தலையைக் காகிதத்துக்குள் ஒளிந்த யானைக்காக வைத்தவரும் ஒரே வரிசையில் நின்றால், இருவரும் அதை வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்க்கவேண்டும்.